மதகடிப் பள்ளத்தில் வேப்பங்குழை

1936 தை, வெள்ளிக்கிழமை

வவுணதீவு றோட்டில் மதகடியை மார்கழி வெள்ளம் அரித்த பள்ளம் இன்னும் அப்படியே கிடக்கிறது. இருட்டில் வண்டில்கள் விழாமலிருக்கப் பக்கத்து வயற்காரர் கந்தப்பர் அதில் ஒரு வேப்பங்குழையை நட்டு வைத்திருந்தார்.

இன்று றோட்டுத் திருத்தும் ஓவசியரைத் தோணித் துறையடியில் கண்டு, பள்ளத்தை ஏன் இன்னும் மூடவில்லை என்று கேட்டேன்.

"போன கிழமையே வந்தனான், டொக்டரம்மா. வேப்பங்குழை நட்டுக் கிடந்துது. ஊருக்குள்ள அம்மாள் வருத்தமாக்கும் எண்டு திரும்பிட்டன். வருத்தம் மாறட்டும், ஆக்களோட வாறன்" என்றார்.

அந்த ஊரில் ஒருவருக்கும் அம்மை இல்லை என்று சொல்லியும், வேம்பு நிற்கும்வரை வரமாட்டேன் என்றுவிட்டார். ஆனால் அங்கே நிறைமாதமாக இருக்கும் வள்ளியின் வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடக்கிறது. நோவு தொடங்கினால் அவளை அந்த வழியாகத்தான் வண்டிலில் துறைக்கும், அங்கிருந்து ஆசுபத்திரிக்கும் கொண்டுவர வேண்டும்.

நேரே போய்க் கந்தப்பரிடம் வேம்பைப் பிடுங்கச் சொன்னேன்.

"பிடுங்கினா ஓவசியர் வருவார், ஓம். அவர் வாறதுக்குள்ள விழுறவனை ஆர் தூக்குற? அம்மாளுக்குப் பயப்படுற மனிசன் பள்ளத்துக்கும் கொஞ்சம் பயந்தாக் காணும்!"

எனக்கும் சிரிப்பு வந்தது. வேம்புக்குப் பதிலாகப் பூவரசங்குழையை நடும்படி சொன்னேன். நட்டார்.

"இதை மாடு திண்டிரும், அம்மா" என்றார்.

அதை நான் யோசிக்கவில்லை. வேறு குழை தேடுவதற்குள் கடைசித் தோணிக்கு நேரமாகிவிட்டது; அதில் ஏறி வந்துவிட்டேன்.

இப்போது மழை பெய்கிறது. மாடுகளைப் பட்டியில் அடைத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இன்றிரவு மட்டும் வள்ளிக்கு நோவு தொடங்கக்கூடாது. இதை யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை.