சிலுவையைத் தாண்டி நடக்காதவர்கள்

ஜனவரி 18, 2025, சனி

எங்களோடு கோயிலில் பாடுகிற ஷோபாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பொம்மனஹள்ளிக்குக் கிளம்பிய மனுஷன் அதையும் தாண்டிப் பொம்மசந்திரா வரை போய்விட்டுத் திரும்பியிருக்கிறார். ரிட்டயர் ஆன ஃபேக்டரியின் கேட்டில் போய் நின்றாராம். வாட்ச்மேன் டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டானாம். பழக்கதோஷம் என்று ஓஸ்வால்ட் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். கல்யாணமான நாளிலிருந்து இவருக்கு யாரும் வழி சொல்ல வேண்டியிருந்ததில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாலும் ரோட்டுக்கு வந்து சேர்வார்.

தவக்கால நடைக்கு இப்போதே ஆட்கள் பெயர் கொடுக்கிறார்கள். கோயில் பாடகர் குழுவில் நாலைந்து பேராக ஆரம்பித்தது எங்கள் மலைக்குழு. தவக்காலத்தின் முதல் சனியும் கடைசி சனியும் ராமநகரம் பக்கம் ஒரு பாறைமலையில் ஏறிக்கொண்டே சிலுவைப்பாதை செய்வோம். இயேசு சிலுவை சுமந்துபோனதை நினைத்து பதினான்கு நிலைகள், ஒவ்வொன்றிலும் நின்று ஜெபம். முன்னால் மரச்சிலுவையோடு ஓஸ்வால்ட். யாரும் பின்தங்கிவிடாமல் பார்க்க, கடைசி ஆளாக நான். அவர் போட்ட சட்டம் இரண்டு. ஜெபம் தவிர உச்சி வரை பேச்சு கிடையாது. சிலுவையைத் தாண்டி யாரும் போகக் கூடாது.

பிப்ரவரி 11, செவ்வாய்

சாப்பாட்டு ஜெபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். பசி என்றார். விட்டுவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

மூன்றாம் நிலை முடிந்ததும் பாதை பிரியும். இடது பக்கம் உச்சிக்கு. வலது பக்கம் மூடிப்போன கல்குவாரிக்கு. ஓஸ்வால்ட் வலது பக்கம் திரும்பினார். முன்னால் போனவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். புதுவழி பார்த்து வைத்திருக்கிறார் போல என்று நினைத்தேன் — இல்லை, அப்படி நினைக்க ஆசைப்பட்டேன். வாயைத் திறக்கவில்லை. மௌனம். தவக்காலம். சிலுவை முன்னால் போகிறது, அதைத் தாண்டி ஓடிப்போய் எப்படித் தடுப்பது?

முள். சரளைக்கல். ஷோபா முட்டி போட்டுத் தவழ்ந்து ஏறினாள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்காம் நிலை, ஐந்தாம் நிலை எல்லாம் அந்த முள்ளுக்குள்ளேயே செய்தோம். பிறகு குவாரியின் விளிம்பு. அதற்கு மேல் தரை இல்லை. ஓஸ்வால்ட் நின்றார். எங்களைத் திரும்பிப் பார்த்தார். "நான் எங்க வந்திருக்கேன்?" என்று கேட்டார். சட்டத்தை அவரே உடைத்தார்.

இறங்கும்போது ஷோபா சறுக்கி விழுந்ததில் மணிக்கட்டு உடைந்தது. கார்மென்ட்ஸில் தையல் வேலை பார்க்கிற கை. "சொல்ப வலிதான் அக்கா, அண்ணாவை ஒண்ணும் கேக்காதீங்க" என்று அவள் எனக்குச் சொன்னாள்.

பஸ்ஸில்தான் தெரிந்தது, வழி தப்பு என்று பாதிப் பேருக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்கிறது. ஒறுத்தலுக்காக வேண்டுமென்றே கஷ்டமான வழியில் கூட்டிப் போகிறார் என்று நினைத்தார்களாம். சிலர் அந்த முள்ளைப் பாவப் பரிகாரமாக ஒப்புக்கொடுத்திருக்கிறார்கள்! எல்லாரும் பின்னால் வந்தால் நல்ல தலைவர் என்று நானும்தான் பெருமைப்பட்டேன். பாதாளத்துக்கும் இப்படித்தான் வரிசையாக வருவார்கள் என்று தோன்றவே இல்லையே.

மார்ச் 20, வியாழன்

வியாழக்கிழமை நவநாள் ஜெபத்துக்கு வந்த கூட்டத்தில் தெருவே அடைத்துக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ கிடைக்காமல் மெயின் ரோடு வரை அவர் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப் போனேன்.

ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். போன ஞாபகம் திரும்பாது, இருப்பதைக் கொஞ்ச நாள் பிடித்து வைக்கலாம், தனியாக எங்கேயும் அனுப்பாதீர்கள் என்றார். ஓஸ்வால்ட் கேட்டது ஒன்றே ஒன்று. மலை ஏறலாமா? டாக்டர் என்னைப் பார்த்தார். என்னை ஏன்யா பாக்கறே, நானா இந்த வியாதியைக் கொடுத்தேன்?

குழந்தை இயேசுவே, எங்கெங்கிருந்தோ வந்து மெழுகுவர்த்தி ஏத்தறவங்களுக்கெல்லாம் கேக்கறே. உன் கோயில் மணி கேக்கற தூரத்துல குடியிருக்கோம். எங்க வீடு மட்டும் கண்ணுக்குத் தெரியலையா உனக்கு?

மார்ச் 29, சனி

குழுவிலிருந்து சுஹாஸ் வந்தான். கடைசிச் சனிக்குச் சிலுவையை நான் எடுக்க வேண்டும் என்கிறான். ஓஸ்வால்ட் அண்ணா முன்னால் போனால் இப்போதும் எல்லாரும் பின்னாலேயே போவார்கள், யாராலும் அவரை நிறுத்த முடியாது, அதுதான் தனக்குப் பயம் என்றான். சொல்லும்போதே அழுதுவிட்டான். அவர் ஹாலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவனுக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார்.

ஏப்ரல் 4, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

"இத்தனை வருஷம் என் பின்னாடி வந்தே. இப்ப எனக்கு வழி தெரியாதுன்னு நீயே சொல்றியா?"

"நான்தாங்க சொல்லணும். வேற யாரு சொல்லுவாங்க?"

அவர் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. குக்கர் விசில் போடட்டும் என்று காத்திருந்து அந்தச் சத்தத்தில் அழுதேன். பேஜாராகிவிட்டது எல்லாம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

சிலுவையைத் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறார். சொன்னது மறந்துவிட்டதா, மறந்த மாதிரி இருக்கிறாரா? கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

நேற்று அடிவாரத்தில் கையை நீட்டினேன். சிலுவையை மார்போடு அணைத்துக்கொண்டார். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிடுங்க என்னால் முடியவில்லை. சரி, தூக்கட்டும் என்று அவர் பக்கத்திலேயே தோளோடு தோளாக நடந்தேன். கடைசி ஆளாக சுஹாஸ். பிரிகிற இடத்தில் அவர் முழங்கையைப் பிடித்து இடது பக்கம் திருப்பினேன். திரும்பினார்.

ஐந்தாம் நிலை. மாவுக்கட்டுக் கையோடு ஷோபா வாசித்தாள். இயேசுவிடமிருந்து சீமோன் சிலுவையை வாங்கிக்கொள்கிற இடம். நான் மரத்தில் கை வைத்தேன். அவர் விடவில்லை. நான் எடுக்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விட்டார். சீமோனுக்குப் பாரமாக இருந்திருக்கும் என்றுதான் இத்தனை வருஷம் தியானித்திருக்கிறோம். கொடுத்தவருக்கு எப்படி இருந்தது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் அவர் வரவில்லை. ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். உச்சி இன்னும் எவ்வளவோ மேலே இருந்தது. அவரை சுஹாஸிடம் விட்டுவிட்டு நாங்கள் ஏறியிருக்கலாம். சிலுவையை அவர் பக்கத்தில் சாய்த்து வைத்து, மிச்ச நிலைகளை இங்கேயே செய்வோம் என்றேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒவ்வொருவராக அவரைச் சுற்றி முழங்காலிட்டார்கள்.

எல்லாம் முடிந்து சித்ரான்னப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது அவர் அண்ணாந்து பார்த்தார். மேலே போகவில்லையா என்று கேட்டார். இன்றைக்கு இவ்வளவுதான் என்றேன்.

"அப்பாடா" என்றார். "ஒவ்வொரு தடவையும் எனக்கு பயமா இருக்கும் ஐரின். இவ்ளோ பேர் பின்னாடி வர்றாங்களேன்னு."

"ஏங்க சொல்லல என்கிட்ட?"

"எப்படிச் சொல்றது? நீ கடைசியில வந்துகிட்டிருந்தே."