இரண்டு திரைகளும் ஒரு தலையணையும்

மார்ச் 3, செவ்வாய்

மன்னிக்க வேண்டும் டாக்டர், இவ்வளவு நேரம் கழித்து எழுதுகிறேன். ராத்திரியில் கண்ணுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னது நீங்கள். வலி வந்த நாளெல்லாம் எழுதி வைக்கச் சொன்னதும் நீங்கள்தான். பொடிசு, என் மகள், தூங்கிய பிறகுதான் என் கைகள் எனக்குத் திரும்பக் கிடைக்கின்றன. வேறு நேரம் இல்லை.

"கண்ணுல ஒரு குறையும் இல்லை" என்றீர்கள். நான் நம்பவில்லை, அது என் முகத்திலேயே தெரிந்துவிட்டது போல. "நம்பலைன்னா எழுதிட்டு வாங்க. எதைப் பாத்துட்டு இருந்தப்ப வலிச்சுது, எவ்வளவு நேரம் இருந்துச்சுன்னு."

சரி. இன்று: பதினோரு மணிக்கு ஆரம்பித்தது. இடது புருவத்துக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி. பார்த்துக்கொண்டிருந்தது: கம்ப்யூட்டர். அச்சகத்தின் மாடியில், பக்கம் அமைக்கும் அறையில், என் பழைய மேசை, பின்பக்கம் புடைத்த என் பழைய குழாய் மானிட்டர். பிரசவ விடுப்புக்குப் போகும் முன் மூன்று வருடம் இதே பெட்டியின் முன்தான் உட்கார்ந்தேன். அப்போது ஒரு நாள்கூட வலித்ததில்லை.

அப்படியானால் மாறியது பெட்டியா, நானா?

மார்ச் 4, புதன்

வலி. மதியம் சாப்பிடவில்லை.

மார்ச் 6, வெள்ளி

மேடம் கூப்பிட்டார். அச்சகத்தின் முதலாளி அவர். திட்டவே மாட்டார், அதுதான் பயம். நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, "குழந்தை பொறந்தா ஒடம்பு மாறத்தாம்மா செய்யும். எனக்குப் பல்லு போச்சு, உனக்குக் கண்ணு. முடியலைன்னா முன்னாடி டேபிளுக்கு வந்துடு. போன் எடுக்கறதுக்குக் கண்ணு எதுக்கு?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் போன் எடுக்கவா நான் நாலு வருடம் படித்தேன்?

கழுகுதான் எனக்காகப் பேசினாள். பக்கத்து மேசைக்காரி. ஒரு படத்தில் சிவப்பு ஒரு துளி கூடியிருந்தாலும் அறையின் அந்தப் பக்கத்திலிருந்தே சொல்லிவிடுவாள். அதனால் அந்தப் பெயர். "மேடம், தட்டை மானிட்டர் ஒண்ணு வாங்கணும்னு போன வருஷத்துலேந்து சொல்றீங்க. இவளுக்கு வாங்கிக் குடுங்க. சோதனை எலி நம்ம வீட்டுலயே இருக்கு" என்றாள்.

எலி என்று சொன்னதற்குக் கோபம் வரவில்லை. கழிவறையில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 9, திங்கள்

வந்துவிட்டது!

பழைய பெட்டியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய் மூலையில் வைத்தார்கள். இந்தத் தட்டைத் திரையை நானே ஒரு கையால் எடுத்து வைத்தேன். தூங்கும் பொடிசைவிட எடை குறைவு. மேசையில் இவ்வளவு இடம் இருந்ததா? பின்னால் ஒரு ஜன்னல் இருப்பதே இன்றுதான் தெரிந்தது.

ஆனால் சொல்ல வந்தது அதை இல்லை. எழுத்துகள்! குழாய்த் திரையில் எழுத்துக்கு ஓரத்தில் எப்போதும் ஒரு மெல்லிய புகை இருக்கும்; பழகிவிட்டதால் அது புகை என்றே தெரியாது. இதில் அச்சடித்த தாளைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. சுழியெல்லாம் சுழியாக, புள்ளியெல்லாம் புள்ளியாக. அசையவே இல்லை. நாள் முழுக்கச் சத்தம் போட்டுக்கொண்டிருந்த மின்விசிறியை யாரோ நிறுத்தியது போல. சத்தம் நின்ற பிறகுதானே சத்தம் இருந்தது தெரிகிறது.

வலி இல்லை. டாக்டர், கேட்கிறீர்களா? வலி இல்லை.

வீட்டில் இவரிடம் அரை மணி நேரம் இதையே பேசியிருப்பேன். "என்னைப் பத்தி ஒரு நாளாவது இப்படிப் பேசியிருக்கியா?" என்றார். "நீங்க அசையாம இருந்திருக்கீங்களா?" என்றேன்.

மார்ச் 12, வியாழன்

வலி இல்லை. குழந்தைகள் துணிக்கடை ஒன்றின் விலைப்பட்டியல் புத்தகம் என்னிடம் வந்திருக்கிறது. பெரிய வேலை. ஐம்பது அறுபது குழந்தைகள், ஒவ்வொன்றும் ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு சிரிக்கிறது. படங்கள் கொஞ்சம் வெளுத்து வந்திருக்கின்றன; நிறத்தை ஏற்றி ஏற்றிச் சரி செய்கிறேன். வட்டத் தலையணையை வீட்டிலிருந்து கொண்டுபோய் நாற்காலியில் போட்டுக்கொண்டேன். பிரசவத்தில் தையல் போட்ட இடம் இப்போதும் நீண்ட நேரம் உட்கார விடுவதில்லை. கழுகு பார்த்துவிட்டு, "மகாராணிக்குச் சிம்மாசனம் ஒசந்துடுச்சு" என்றாள்.

ஒசந்துதான் இருக்கிறது. பழைய பெட்டி தன் மேடையில் ஏறி என் கண்ணுக்கு நேரே நிற்கும். இந்தத் தட்டையான அழகி அடக்கமாகக் கீழே உட்கார்ந்திருக்கிறாள். குனிந்து பார்க்கிறேன், தொட்டில் குழந்தையைப் பார்க்கிற மாதிரி. கழுத்து சுகமாக இருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

ஐயோ.

விலைப்பட்டியல் புத்தகத்தின் மாதிரித் தாள் வந்தது. மெஷின் அண்ணன் — கீழே அச்சு இயந்திரத்தைப் பார்ப்பவர் — தாளைத் தோளில் துண்டு மாதிரி போட்டுக்கொண்டு மாடி ஏறி வந்தார். "ஏம்மா, பிள்ளைங்களைப் படம் எடுக்கறப்ப கரண்டு போயிருந்துச்சா?"

எட்டிப் பார்த்தேன். அத்தனை குழந்தைகளும் அந்தி நேரத்தில் நிற்கின்றன. மஞ்சள் மழைக்கோட்டு கடுகு நிறம். வான நீலக் கவுன் சிலேட்டு. சிரிக்கிற முகமெல்லாம் காய்ச்சலில் விழுந்து எழுந்த முகம்.

"நீங்க மையை ஏத்திட்டீங்க" என்றேன். சொன்னது நான்தான், சத்தமாகத்தான்.

"நானா? என் மெஷின்ல இன்னைக்கு ஓடுன மத்த ரெண்டு வேலையும் வெள்ளி மாதிரி இருக்கு. நீ ஸ்கிரீனைப் பாரும்மா."

பார்த்தேன். என் திரையில் மழைக்கோட்டு பளீரென்ற மஞ்சள். எல்லாக் குழந்தைகளும் சந்தோஷமாக இருக்கிறார்கள். எனக்குத்தான் அழுகை வந்தது. மேடம் இரண்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். முன்னால் இருக்கிற போன் மேசையை நினைத்துத்தான் பார்த்தாரோ?

இப்போது நிறமும் தெரியவில்லையா எனக்கு? கண்ணில் ஒன்றும் இல்லை என்று எந்த தைரியத்தில் சொன்னீர்கள்?

மார்ச் 18, புதன்

பென்சில் விழுந்தது. அவ்வளவுதான் நடந்தது.

மழைக்கோட்டுப் பையனின் படம் திரையில் இருந்தது. மேசைக்கடியில் குனிந்து பென்சிலை எடுத்துக்கொண்டு நிமிரும்போது, பாதி வழியில் அவன் முகம் இருண்டது. நின்றுவிட்டேன். இன்னும் கொஞ்சம் தாழ்ந்தேன் — இன்னும் இருட்டு. மெல்ல எழுந்தேன் — வெளுக்கிறான். நாற்காலியில் ஏறி நின்றேன் — சாம்பல் பூசிய மாதிரி ஆகிவிட்டான். படத்தை யாரும் தொடவில்லை. என் தலை எங்கே இருக்கிறதோ அதைப் பார்த்து அவன் நிறம் மாறுகிறான்!

தலையணை! உயரத்தில் உட்கார்ந்து பார்த்தேன், எல்லாம் வெளுப்பாகத் தெரிந்தது, அடர்த்தியை ஏற்றினேன். ஏற்ற ஏற்ற எனக்கு மட்டும் அழகாகத் தெரிந்தது. கண் சரி. நிறமும் சரி. உட்கார்ந்த இடம்தான் தப்பு.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? ஆனால் தலையணையை எடுத்துவிட்டு நேராக உட்கார்ந்தபோதும் படத்தின் மேல் பாதி ஒரு நிறம், கீழ்ப் பாதி ஒரு நிறம். மூலையில் கிடந்த பழைய பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். நின்று பார்த்தேன், சாய்ந்து பார்த்தேன், சுவரோரம் போய்ப் பார்த்தேன். அந்தப் பையன் எங்கிருந்து பார்த்தாலும் அதே பையன். அந்த மஞ்சள், அதன் மடிப்பில் இருக்கிற ஆரஞ்சு, நிழலுக்குள்ளும் தெரிகிற நூல்... இத்தனை வருடம் இதன் முன்னால் உட்கார்ந்தும் இதை ஒரு நாள் மெச்சியது உண்டா? பாவம், பெருத்த உடம்புக்காரி என்று ஒதுக்கிவிட்டோம்.

சொன்னால் தட்டைத் திரை போகும், பெட்டி திரும்ப வரும், வலி வரும், முன்னால் இருக்கிற மேசை வரும். சொல்லாவிட்டால் பழி மெஷின் அண்ணனின் தலையில் விழும். அவர் மையை ஏற்றவில்லை.

நாளைக் காலை முதல் வேலை இதைச் சொல்வதுதான்.

மார்ச் 19, வியாழன்

சொல்லிவிட்டேன். நாற்காலியில் ஏறி இறங்கிக் காட்டினேன். மேடமும் ஏறிப் பார்த்தார்! மெஷின் அண்ணன் கதவில் சாய்ந்துகொண்டு, "இப்ப யாரும்மா மையை ஏத்துனது?" என்றார். "தலைகாணிண்ணே" என்றேன். சிரித்துவிட்டார். மனுஷர் அதோடு விட்டுவிட்டார். நானாக இருந்தால் ஒரு மாதம் சொல்லிக் காட்டியிருப்பேன்.

படங்களைத் திரும்பச் செய்ய வேண்டும். என் பெட்டிக்கு இன்னும் இடம் பண்ணவில்லை. "என் சீட்டுல உக்காரு, நான் எழுத்து வேலையை உன் அழகிகிட்ட பாத்துக்கறேன்" என்று கழுகு எழுந்துகொண்டாள். அவளுடையதும் குழாய்தான், என்னுடையதோடு அதே நாளில் வாங்கியது. வலி மாத்திரையைக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மாலை வரை முடிச்சை அவிழ்க்கவில்லை.

ஏன்?

மார்ச் 20, வெள்ளி

கழுகிடம் கேட்டேன். அவள் என் பழைய பெட்டியைப் போட்டுவிட்டு, வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு பென்சிலை விசிறி மாதிரி ஆட்டினாள். ஒரு பென்சில் பல பென்சிலாக, சீப்புப் பற்கள் மாதிரி தனித்தனியாக நின்றது. அவளுடைய திரைக்கு முன்னால் ஆட்டினாள்: பற்கள் நெருங்கிவிட்டன. தட்டைத் திரைக்கு முன்னால்: பற்களே இல்லை, வெறும் நிழல்.

"இப்ப நேரா பாக்காத. பக்கத்துச் சுவரைப் பாரு. கடைக்கண்ணால ரெண்டு பெட்டியையும் பாரு."

என்னுடையது துடித்தது. சாகப்போகும் டியூப்லைட் மாதிரி. அவளுடையது அமைதியாக இருந்தது.

கம்ப்யூட்டரில் திரைக்கான அமைப்புக்குள் போய்ப் பார்த்தோம். திரை ஒரு வினாடிக்கு எத்தனை முறை புதிதாக வரைகிறது என்று ஓர் எண். அவளுக்கு எண்பத்தைந்து. எனக்கு அறுபது. அதனால்தான் துடிப்பு, துடிப்பால்தான் வலி. "நீ லீவுல இருந்தப்ப உன் கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்து எல்லாத்தையும் அழிச்சுப் புதுசா ஏத்துனாங்க. அப்ப இது கம்பெனி வெச்ச எண்ணுக்குப் போயிருக்கு. யாரும் பாக்கலை. நானும் பாக்கலைடி" என்றாள். கழுகின் முகம் வாடிவிட்டது. அதைத் தாங்க முடியவில்லை எனக்கு.

எண்ணை மாற்றினாள். திரை ஒரு கணம் கறுத்து, கிளிக் என்று விழித்தது. கடைக்கண்ணால் பார்த்தேன். துடிப்பு நின்றிருந்தது. குளம் மாதிரி.

குழந்தை பிறந்ததும் உடம்பு மாறிவிட்டது, கண் போய்விட்டது என்று மேடம் சொன்னார், இவருடைய தங்கை சொன்னாள், நானும் சொன்னேன். ஒவ்வொரு நாள் வலியிலும் பொடிசைப் பார்த்து — எழுதவே கூசுகிறது — உன்னால்தானே என்று ஒரு நொடி நினைத்திருக்கிறேன். ஒரு எண், டாக்டர். வெறும் ஒரு எண்.

வீட்டுக்கு வந்ததும் பொடிசைத் தூக்கி வைத்துக்கொண்டேன். இவர், "அழறியா சிரிக்கிறியா?" என்றார்.

மார்ச் 27, வெள்ளி

என் மேசையில் இப்போது இரண்டும். எழுத்துக்கு அழகி, முகங்களுக்குப் பெருத்த உடம்புக்காரி. ஜன்னல் மறுபடியும் பாதி மறைந்துவிட்டது. புதிய தாளில் மழைக்கோட்டு மழைக்கோட்டாகவே இருக்கிறது. மெஷின் அண்ணன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு படியில் ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

மார்ச் 31, செவ்வாய்

நோட்டைப் புரட்டினால், வலி என்று கடைசியாக எழுதியது எந்தப் பக்கம் என்றே தேட வேண்டியிருக்கிறது. இதை உங்களிடம் காட்டலாமா என்றும் யோசித்தேன். பாதி கண்ணைப் பற்றியே இல்லை. பரவாயில்லை, நாளை இவர் கொண்டுவந்து தருவார்.

துணிக்கடைக்காரர்கள் அடுத்த புத்தகத்தையும் என்னிடமே கொடுக்கச் சொன்னார்களாம். இது இரண்டு மடங்கு பெரியது. "முடியுமாம்மா? டாக்டரைக் கேட்டுட்டுச் சொல்லு" என்றார் மேடம்.

முடியும் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். இருந்தாலும் என் மனசு உங்களுக்குத் தெரியும். நீங்களும் ஒரு வார்த்தை சொன்னால்தான் இன்றைக்குத் தூக்கம் வரும். சொல்லப்போனால், நாளைக்கு; நோட்டு நாளைக்குத்தானே உங்கள் கைக்கு வரும். படித்துவிட்டு, தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.