மண்ணெண்ணெய் கேனில் தண்ணீர்

டிசம்பர் 9, இரவு

நாளை மதியம் மாமல்லபுரம் பக்கம் புயல் கரையைக் கடக்குமாம். கடலுக்குப் போகக் கூடாது என்று சாயங்காலம் முழுக்க மைக்கில் சொன்னார்கள். எல்லோரும் படகை மேட்டில் ஏற்றிக் கட்டிவிட்டார்கள். அப்பா மட்டும் ஏற்றவில்லை.

“நண்டு வலை கடலுக்குள்ள கெடக்குது. விடியறதுக்குள்ள இழுத்துகினு வந்துர்றேன்” என்றார்.

“மைக்குல இன்னா கத்துறான்னு காதுல வுழலயா?” என்று அம்மா திட்டினாள்.

“வலை போச்சுன்னா அவனா வாங்கிக் குடுப்பான்?”

அதனால்தான் அப்படிச் செய்தேன். யாரும் பார்க்காதபோது படகு என்ஜினுக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய் கேனில் இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றினேன். என்ஜின் கிளம்பாது, அப்பா வீட்டிலேயே இருப்பார் என்று நினைத்தேன்.

படுத்த பிறகுதான் உறைத்தது. கரையில் பெட்ரோலில்தான் என்ஜினைக் கிளப்புவார். அலையைத் தாண்டிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். என்ஜின் கடலுக்குள் போய்த்தான் நிற்கும்.

சொன்னால் தோலை உரித்துவிடுவார். வேறு கேன் வாங்கிக்கொண்டு போனாலும் போவார்.

இருமல் சத்தம் கேட்கிறது. எழுந்துவிட்டார். இப்போதே போய்ச் சொல்லிவிடுகிறேன். அடித்தால் அடிக்கட்டும். அடிக்கிற நேரத்துக்காவது கரையில் இருப்பார்.