பம்ப் இல்லாமல் போன சைக்கிள்

லக்ஷ்மிபுரம், மைசூர்
விஜயதசமிக்கு மறுநாள், 1936

எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டிய என் அகத்துக்காரருக்கு, காமாக்ஷி அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தை மட்டும் உங்கள் கார்டுகளிலிருந்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கடல் சௌக்கியம், தென்னந்தோப்பு சௌக்கியம், ஓடக்காரர்கள் சௌக்கியம் என்று தெரிகிறது. குந்தாபுரம் தபாலாபீஸில் வந்து கடிதம் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். அங்கேயே அனுப்புகிறேன். வந்து கேளுங்கள்.

தசரா என்றால் உலகமே மைசூருக்கு வருகிறது. மைசூரை விட்டுப் போனவர் நீங்கள் ஒருவர்தான். திருச்சியிலிருந்து உங்கள் அண்ணா, மன்னி, குழந்தைகள், போதாக்குறைக்கு மன்னியின் தங்கை குடும்பம் என்று வீடு நிரம்பிவிட்டது. காலையில் மூட்டிய அடுப்பு ராத்திரிதான் அணைகிறது. எனக்கு இடுப்பு விட்டுப்போகிறது. வேலை கூடப் பரவாயில்லை. உட்கார்ந்தால் நினைப்பு வருகிறது என்பதால் நானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறேன். நீங்கள் எங்கே என்று கேட்டவர்களிடமெல்லாம் ஆபீஸ் வேலையாக மங்களூர் போயிருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். சைக்கிளை மோட்டார் பஸ் கூரையில் கட்டிக்கொண்டு போகும் ஆபீஸ் வேலை எது என்று அண்ணா கேட்கவில்லை. அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

கொலு வைக்கச் சொல்லி மன்னி வற்புறுத்தினாள். வருஷம் ஆகப்போகிறதே, இன்னும் என்ன என்றாள். பொம்மைப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்க எனக்குக் கை வரவில்லை. சாஸ்திரிகளை அழைத்துக் கேட்டேன். அத்தனை சின்னக் குழந்தைக்கு வருஷ திதி என்று ஒன்றும் கிடையாது என்று சொல்லிவிட்டார். பெரியவர்கள் போனால் ஒரு நாள் இருக்கிறது, எள்ளும் தண்ணீரும் இருக்கிறது, நான்கு பேர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். நம் சீதுவுக்கு அதுவும் இல்லை. இருந்திருந்தால் அந்த நாளுக்காவது நீங்கள் திரும்பி வந்தே ஆக வேண்டும் என்று நான் உரிமையோடு எழுதியிருப்பேன்.

உங்கள் சவாரியைப் பற்றி ஒரு வார்த்தை. லக்ஷ்மிபுரத்திலிருந்து ஆபீஸ் போய் வருவதற்கே மூச்சு வாங்கி, வாசலில் நின்று மோர் கேட்கிறவர் நீங்கள். சாமுண்டி மலை அடிவாரத்துக்கு ஒரு தரம் போய்விட்டு மறுநாள் முழுக்கக் காலை நீட்டிப் படுத்திருந்தது மறந்துவிட்டதா? இப்போது மணலில் தள்ளுவதும், ஆற்றுக்கு ஆறு சைக்கிளை ஓடத்தில் ஏற்றி இறக்குவதும், ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் ஆறுமாக நடுச் சாலையில் எதிர்க்காற்றில் மிதிப்பதும்! படிக்கவே எனக்குக் கால் வலிக்கிறது. இறங்கினால் மறுபடி ஏறமுடியாது போலிருக்கிறது, அதனால் போய்க்கொண்டே இருக்கிறேன், லீவை நீட்டச் சொல்லி எழுதப் போகிறேன், இன்னும் வடக்கே போகலாம் என்று எண்ணம் என்று கடைசிக் கார்டில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீங்கள் மறந்து போன ஒன்றையும் சொல்ல வேண்டும். காற்றடிக்கும் பம்ப்பை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். ஆயுத பூஜையன்று அரிவாள்மணை, அண்ணாவின் பேனா எல்லாம் வைத்தாயிற்று. ‘சித்தப்பாவின் சைக்கிள் எங்கே’ என்று குழந்தைகள் கேட்டார்கள். அந்தப் பம்ப்பைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் இட்டு, சைக்கிளுக்குப் பதிலாக வைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போன வருஷம் சீது சைக்கிள் மணியில் வைத்த குங்குமப் பொட்டு ஞாபகம் வந்தது. மணியை மூடும்படி அவ்வளவு பெரிதாக வைத்து, அடித்தால் சத்தமே வரவில்லை என்று அழுதாளே. சமையல் உள்ளுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இனி முக்கியமான விஷயம். இதை நிதானமாகப் படிக்க வேண்டும்.

விருந்தாளிகளுக்குப் பால் போதவில்லை. பழைய பால்காரி கெம்பம்மாவைத் தேடிக்கொண்டு பின்தெருவுக்குப் போனேன். போன தசராவில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாளே, கோபித்துக்கொண்டாள் என்றுதானே நினைத்தோம். என்னைக் கண்டதும் அவள் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். மாட்டுக்கொட்டிலில் நம் சீதுவோடு விளையாடுமே அவள் பேத்தி, அந்தக் குழந்தையும் இல்லை. தொண்டை அடைத்து, சீதுவுக்கு வந்த அதே ஜுரம். போனது விஜயதசமி யானை ஊர்வலத்துக்கு, ஜம்பு ஸவாரிக்கு, முதல் நாள். பண்டிகை நாளில் பால் வீடுகளுக்குச் சாவுச் சேதி கொண்டுவரக் கூடாது என்று நின்றுவிட்டாளாம். பிறகு நம் வீட்டுச் சேதி தெரிந்ததும் என் முகத்தில் விழிக்கப் பயந்து ஒளிந்திருக்கிறாள்.

ஜம்பு ஸவாரியன்று சாயங்காலம் தூறலில் சீதுவை அரண்மனை விளக்கு பார்க்கச் சைக்கிளில் நீங்கள் கூட்டிக்கொண்டு போனதையும், மறுநாள் ஜுரம் வந்ததையும், அதிலிருந்து நீங்கள் சைக்கிளைத் தொடாமல் இருந்ததையும் அவளிடம் சொன்னேன். அவள் நம் தெருவில் பால் ஊற்றிப் பழகிய தமிழில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “எம் பேத்தி ஒரு சொட்டு மழை படலே அம்மாவரே. பாயை விட்டே எழுந்திரிக்கலே. ஐயா மழை மேலே ஏன் பழி போடறாரு.”

டாக்டரும் அன்றைக்கே தொண்டை என்றுதான் சொன்னார். நீங்கள் காதில் வாங்கவில்லை. மழை, மழை என்றே ஒரு வருஷம் மருகினீர்கள். என்னோடு பேச்சும் குறைந்துவிட்டது. எனக்குக் குழந்தையும் போய், நீங்களும் வீட்டுக்குள்ளேயே காணாமல் போனீர்கள். உங்கள் மேல் எனக்கு ஒரு நாளும் குறை இருந்ததில்லை. அன்றைக்கு விளக்கைப் பார்த்துவிட்டு வந்து அவள் கண் விரியச் சொன்னதைக் கேட்டவள் நான். அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்தது நீங்கள்தான்.

சைக்கிள் கம்பியில் அவளுக்காக மாட்டிய குட்டிப் பலகைச் சீட்டைக் கழற்றாமலே கொண்டுபோயிருக்கிறீர்கள். பஸ்ஸில் ஏற்றும்போது பார்த்தேன், கேட்கவில்லை. போன வாரக் கார்டில், கடல் குக்கரஹள்ளி ஏரியை விடப் பெரியதுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவள். அது எனக்கு எழுதிய வரி இல்லை. ஏரிக்கரையில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் கேள்வியைக் கேட்டவள் யார் என்று எனக்குத் தெரியும். அந்தக் கார்டைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

கடலைக் காட்டியாகிவிட்டது. ஏரிக்கரையில் அவளுக்குச் சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டீர்கள். இனி வடக்கே போக வேண்டாம். உங்களுக்கும் அசதி, எனக்கும் அசதி, குழந்தையும் எத்தனை நேரம்தான் அந்தப் பலகையில் உட்கார்ந்திருப்பாள். சீட்டைக் கழற்ற வேண்டாம். அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

சாமுண்டேச்வரி உங்களுக்கு வழித்துணையாக இருக்கட்டும்.

வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
காமாக்ஷி