விற்றமின் ஊசி

தேற்றாத்தீவு
04.05.2025

அன்புள்ள உங்களுக்கு,

பஸ்ஸில் ஏறி மிச்சக் காசு வாங்குவதற்குள் வந்துவிடக்கூடிய ஊருக்குக் கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். எனக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது. போன் எடுத்தால் மாமிதான் எடுக்கிறா. "அவன் இருட்டுக்குள்ள கிடக்கான் புள்ள, போன் வெளிச்சம் பட்டாச் சத்தி எடுப்பான், மறுகா எடு" என்கிறா. மறுகா எடுத்தாலும் மாமிதான். உங்களுக்கு மட்டும் சொல்ல வேண்டியதை மாமியிடம் சொல்லிவிட முடியாது. அதனால்தான் காகிதம். எழுத்தைப் பெரிதாக எழுதியிருக்கிறேன். கண் இடங்கொடுக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக வாசியுங்கள்.

இதைக் கொண்டுவருவது ஆட்டோவில் பாட்டுப் போட்டுப் பாண் விற்கிற சூன் பாண் நிலோஜன். உங்கள் ஒழுங்கைக்குள் வரும்போது ஆட்டோவின் பாட்டை நிறுத்திவிடுவானாம். "அண்ணனுக்குத் தலையிடி எண்டு நான் சத்தமில்லாமப் போக, சனம் நான் வரல்ல எண்டு கடையில பாண் வாங்குது அக்கா" என்று குறைபட்டான். ஆனாலும் கடிதத்தை வாங்கிக்கொண்டான்.

இங்கே எல்லோரும் சுகம். அம்மா கருவாடு பொரிப்பதை நிறுத்திவிட்டா, அந்த மணம்தான் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று அவவுக்கு எண்ணம். அப்பா வாவியிலிருந்து வந்தால் வலையைச் சத்தமில்லாமல் வைக்கிறார். வீட்டில் நீங்கள் இல்லை என்பது அவருக்கு மறந்துபோகிறது. ஒழுங்கையில் போகிறவர்கள் மறக்கவில்லை. மாப்பிள்ளை பெண் வீட்டில் இருக்கும் ஊர்களில், மாப்பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனால் அது தலையிடிக்காக என்று யார் நம்புவார்கள்? "அங்க என்ன குறை வைச்சீங்க?" என்று நேற்றும் ஒருவர் அம்மாவைக் கேட்டார். கேட்டவரும் ஒரு வீட்டின் மாப்பிள்ளைதான்.

வெல்டிங் வெளிச்சத்தால்தான் தலையிடி என்று அப்பா இன்னும் சொல்கிறார். நீங்கள் தைப்பொங்கலோடு கடையைப் பூட்டிவிட்டீர்கள். தலையிடி பூட்டப்படவில்லையே. எனக்கு வேறொரு யோசனை இருக்கிறது. போன வருசம் அந்தத் தனியார் டொக்டர் எழுதித் தந்த ஊசியைப் பற்றியது. எழுதலாமா என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
விதுர்ஷா


பெரியகல்லாறு
07.05.2025

விது,

கடிதம் கிடைச்சுது. நிலோஜன்ட பெட்டியில கிம்புலா பணிசுக்குக் கீழ இருந்துது, சீனி ஒட்டி ஒரு மூலையில எறும்பு. ஒரு கண்ண மூடிக்கொண்டு எழுதுறன். வரி கோணினாக் கோவிக்காத.

முந்தநாள் பின்னேரம் திரும்ப வந்துது. கண்ணுக்குள்ள வெல்டிங் பூப் பறக்கிற மாதிரி வளைஞ்சு வளைஞ்சு வெளிச்சம். மறுகா அம்மாட முகத்தில பாதி இல்ல. மற்றப் பாதி "கஞ்சி குடி மனே" எண்டு சொல்லுது. சிரிப்பும் வந்துது. அதுக்குப் பிறகு சிரிக்க ஏலாமப் போச்சு.

உங்கட வீட்டில எனக்கு ஒரு குறையும் இல்ல. மாமா கதவடியில வந்து நிண்டு பார்ப்பார். ஒண்டும் கேக்க மாட்டார். உழைக்காமப் படுத்துக் கிடக்கிற மாப்பிள்ளைய அப்பிடிப் பார்க்கிறதுக்கு அவர் ஏசியிருக்கலாம்.

ஊசிக் கதை எழுதாத. நிலோஜன் பிரிச்சு வாசிச்சா என்ன செய்யிறது? எல்லாருக்கும் அது விற்றமின் ஊசி. அப்பிடியே இருக்கட்டும். கிளினிக் டொக்டரே வெல்டிங் வெளிச்சமாகத்தான் இருக்கும் எண்டவர்.

சுதாகரன்


தேற்றாத்தீவு
09.05.2025

அன்புள்ள உங்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். உறையைச் சோறு வைத்து ஒட்டியிருக்கிறேன், பிரித்தால் கிழியும்.

டொக்டர் வெல்டிங் என்று சொன்னது உண்மை. எப்படிச் சொன்னார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். கிளினிக்கில் உங்களுக்கு அந்தப் பக்கம் அப்பா, இந்தப் பக்கம் மாமி, பின்னால் நான். மாப்பிள்ளையைத் தனியாக அனுப்பினால் மரியாதை இல்லை என்று அப்பாவும், பெற்றவள் வராமல் எப்படி என்று மாமியும். "வேற ஏதும் மருந்து பாவிக்கிறீங்களா?" என்று டொக்டர் கேட்டார். நீங்கள் அப்பாவைப் பார்த்தீர்கள், மாமியைப் பார்த்தீர்கள். "இல்ல சேர், விற்றமின் மட்டும்" என்றீர்கள். அவர் அதை எழுதிக்கொண்டார். எழுதியதை வைத்துத்தான் மாத்திரை தந்தார். அந்த மனிசனில் என்ன பிழை?

ஊசிப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த துண்டை நான் வாசித்தேன். எறும்பு எழுத்து. டெஸ்டஸ்டெரோன் ஊசியால் சிலருக்குத் தலையிடி வரலாம், இரத்தம் தடிக்கலாம், பிரஷர் கூடலாம் என்று போட்டிருக்கிறது. வரலாம் என்றுதான். வரும் என்று இல்லை. நான் புவியியல் படித்தவள், டொக்டர் இல்லை. ஆனால் பக்கத்திலேயே இருந்து பார்த்தவள். சித்திரை வருசத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஊசி போட்டீர்கள், வருசத்தன்று கைவிசேசக் காசு வாங்க எழும்பவில்லை. மாசியில் ஊசி, என் தோழியின் கலியாணத்துக்கு நான் தனியாகப் போனேன். அடுத்த ஊசிக்கு நாள் நெருங்க நெருங்க உங்கள் தலை தெளிகிறது, "இண்டைக்கு மீன் பொரிங்க" என்று அம்மாவைக் கேட்கிறீர்கள். பிறகு ஊசி. பிறகு இருட்டு.

ஊசி எழுதித் தந்த தனியார் டொக்டர் இரத்தம் சோதிக்கச் சொன்னாரே. சோதித்தீர்களா? லாபில் வேலை செய்வது எங்கள் சித்தியின் மகள் என்று தள்ளிப்போட்டீர்கள்.

ஊசியை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சின்ன வயதில் தாடை வீங்கி வந்த கூகைக்கட்டு உங்கள் உடம்பில் சுரக்க வேண்டியதைக் கெடுத்துவிட்டது. அது உங்கள் பிழையா? ஊசிக்கு முதல் நீங்கள் கடைக்குள் கேற் கம்பிகளுக்கு நடுவில் குந்தியபடி தூங்கிப்போனதை நான் மறக்கவில்லை. அளவைக் குறைத்துப் பார்க்கலாமா, வேறு மாதிரித் தரலாமா என்று ஒரு டொக்டரிடம் கேட்கத்தான் சொல்கிறேன். அதற்கு அவருக்கு ஊசி என்று ஒன்று இருப்பது தெரிய வேண்டும்.

அம்மா முருங்கைக்காய் கொடுத்துவிட்டிருக்கிறா. மாமியிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
விதுர்ஷா


பெரியகல்லாறு
14.05.2025

விது,

உன்ர கடிதத்த ரெண்டு நாளா வாசிச்சன். இப்ப நடந்ததச் சொல்லுறன், சிரிக்காத.

ஞாயிற்றுக்கிழமை அம்மா சிவதர்ஷனக் கையோட கூட்டிக்கொண்டு வந்திட்டா. அவன் என்னோட படிச்சவன், மருந்துக்கடையில ஊசி போடுறவன், இந்த ஊசி என்ன எண்டு தெரிஞ்சவன். இன்னும் நாள் வரல்ல. அம்மா விடல்ல. "புள்ள இப்பிடி வாடிக் கிடக்கு. விற்றமின் தானே, நாள் பார்த்தா போடுற? போடு தம்பி." அவன் என்னப் பார்க்கான். நான் அவனப் பார்க்கன். "மாமி, கூடப் போட்டா…" எண்டு இழுத்தான். "சத்துக் கூடினா என்ன, ஆள் பறந்தா போயிருவான்?" எண்டா அம்மா. வாசல்ல பெரியம்மாவும் நிண்டா. வேணாம் எண்டு சொன்னா ஏன் வேணாம் எண்டு சொல்ல வேணும். குப்புறத் திரும்பிப் படுத்தன். போட்டான்.

அண்டைக்குப் பிறகு நான் வெளிச்சம் பார்க்கல்ல. நேற்று இடது கையும் கொஞ்ச நேரம் விறைச்சுக் கிடந்துது. இப்ப பரவாயில்ல.

கோயில் சடங்குக்கு அம்மன் கதவு திறக்க முதல் இன்னொண்டு போட்டா எழும்பி நடப்பான் எண்டு அம்மா சொல்லிக்கொண்டு திரியிறா.

நீ சொன்னது சரியாக இருக்கும். சரியெண்டா டொக்டர் ஊசிய நிப்பாட்டச் சொல்லுவார். நிப்பாட்டினா நான் திரும்ப அந்தக் கம்பிகளுக்குள்ள நித்திரை கொள்ளுற ஆள். தலையிடியோட கிடந்தாலும் நான் ஒரு ஆம்பிளையாக் கிடக்கன். இத உனக்கு எழுதவே வெட்கமாக் கிடக்கு.

நீ படிச்சனி, கந்தோரில வேலை இருக்கு. உனக்கு ஒரு வாழ்க்கை இருக்கு. மாப்பிள்ளை இனி வரமாட்டான் எண்டு மாமாட்டச் சொல்லு. இனிக் கடிதம் போடாத.

சுதாகரன்


தேற்றாத்தீவு
17.05.2025

அன்புள்ள உங்களுக்கு,

எனக்குக் கோபம். கோபத்தைப் பேசத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். எழுதவும் தெரியாது என்று இந்தக் காகிதத்தைக் கிழித்துக் கிழித்து எழுதும்போதுதான் தெரிகிறது.

கை விறைத்ததை ஒரு வரியில் எழுதிவிட்டு, இப்ப பரவாயில்லை என்று அடுத்த வரி. திரும்ப விறைத்தாலோ பேச்சுக் குழறினாலோ எனக்காகவும் காத்திருக்க வேண்டாம், வெட்கத்தையும் பார்க்க வேண்டாம். அந்த நிமிசமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாமியிடமும் இதைச் சொல்லிவிட்டேன்.

ஓம், நேற்று நான் வந்தேன். உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டா. கந்தோர் முடிந்து நேரே வந்தேன். நீங்கள் ஒட்டிய அந்தக் கேற் கிறீச்சிட்டதும் மாமி குசினியிலிருந்து கையைக் காட்டி நிறுத்தினா. நீங்கள் அப்போதுதான் கண் அயர்ந்தீர்களாம். குசினியில் இரண்டு பேரும் குந்தி இருந்தோம். நான் அனுப்பிய முருங்கைக்காயைத்தான் சீவிக்கொண்டிருந்தா. சீவச் சீவ அழுதா. "விற்றமினுக்கும் தேறல்லகா. இதவிடச் சத்தான ஊசி இருக்குமா புள்ள? நீ படிச்ச புள்ள, சொல்லு" என்றா.

"மாமி, இனி அந்த ஊசி போட வேணாம். டொக்டரிட்டக் கேட்டுப் போட்டுப் போடுவம்" என்றேன்.

"விற்றமின் ஆரை என்ன செய்யும்?"

என்னிடம் பதில் இருந்தது. நாக்கு நுனியில் இருந்தது. மாமியின் கையில் கத்தி, மடியில் முருங்கைக்காய், கண் என் வாயில். சொல்லியிருந்தால் அந்த நிமிசமே உங்களுக்கு அடுத்த ஊசி நின்றிருக்கும். ஆனால் அது உங்கள் உடம்பு. உங்களைக் கேட்காமல் சொல்ல முடியவில்லை. "கொஞ்சம் பொறுங்க மாமி, செவ்வாய்க்கிழமை கிளினிக் முடியும்வரை" என்று மட்டும் கேட்டேன். செவ்வாய் வரைக்கும் பொறுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறா. அதற்கு மேல் பொறுக்க மாட்டா. பெற்றவ, பிள்ளை வாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறா, அவவுக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான். அதுவும் நாங்கள் இரண்டு பேரும் சொல்லிக் கொடுத்ததுதான்.

ஊசியை நிப்பாட்டினால் என்ன ஆவீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். நிப்பாட்டுவார்கள் என்று யார் சொன்னது? யாரையும் கேட்காமலே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். ஆம்பிளை என்று எழுதியதற்கும் ஒரு பதில் இருக்கிறது, எனக்குத்தான் எழுதக் கூச்சமாக இருக்கிறது. நான் கலியாணம் கட்டியது பல்கலைக்கழகத்துக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு இடம் தந்துவிட்டுத் தேற்றாத்தீவிலிருந்து டவுண் வரைக்கும் நின்றபடி வந்தவரை. ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நாளும் நின்றார். அந்தக் காலத்தில் நீங்கள் ஊசி ஒன்றும் போடவில்லை.

இன்னொன்று. நேற்று வீட்டுக்குத் திரும்பி வந்து அப்பாவிடம் "செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு நீங்க வரவேணாம்" என்று சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையில் அவரிடம் வேண்டாம் என்று சொன்னது இதுதான் முதல். "ஏன்கா, நான் ஏறினா பஸ் பாரத்தில தாண்டு போயிருமா?" என்றார். வலைக்கயிற்றை எடுத்து முறுக்கினார். பிறகு, "அவருக்கு நான் முன்னால நிக்கிறது பாரமா இருக்கு போல" என்றார். "அவர் படுத்துக் கிடக்கக்குள்ள எனக்கு என்ன கேக்கிற எண்டு தெரியல்ல மகள். மாப்பிள்ளையாச்சே. அதான் சும்மா நிண்டு பார்த்தன்."

இதை உங்களுக்கு அப்படியே எழுதுகிறேன். அவர் நின்று பார்த்தது நீங்கள் நினைத்ததுபோல இல்லை.

மாமியிடமும் கேட்டுவிட்டேன், அவவும் வரவில்லை. வீட்டில் கஞ்சி வைத்துக்கொண்டு இருப்பாவாம்.

இனிக் கடிதம் போட வேண்டாம் என்றீர்கள். போடவில்லை, இதோடு சரி.

இப்படிக்கு,
விதுர்ஷா

கையெழுத்தும் வைத்துவிட்டேன். கேட்க வந்ததை இன்னும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் கல்முனையிலிருந்து வரும் முதல் பஸ்ஸில் ஏறுங்கள். இடது பக்கம், வாவிப் பக்கமாக இருங்கள். அந்தப் பக்கம் காலை வெயில் விழாது. கண்ணை மூடிக்கொண்டே வாருங்கள். பக்கத்துச் சீட்டில் லேஞ்சியைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வையுங்கள். தேற்றாத்தீவில் நான் ஏறுகிறேன்.

டொக்டர் கேட்கும்போது நீங்கள் வாய் திறக்க வேண்டாம். ஊசியின் பெயரையும், அது ஏன் என்பதையும், எப்போதெல்லாம் போட்டது, பிறகு என்ன நடந்தது என்பதையும் நான் சொல்கிறேன். அறைக்குள் நாங்கள் இரண்டு பேரும் டொக்டரும் மட்டும்தான் இருப்போம். என்னைச் சொல்ல விடுங்கள்.