தனக்குத் தானே நாலு

பிப்ரவரி 6, வியாழன்

அறிவியலில் இனி எழுத்துத் தேர்வுக்கு எண்பதுதான். மீதி இருபது மதிப்பெண்ணுக்கு ஆசிரியரே ஒரு புதிய முறையைத் தேர்ந்தெடுக்கலாம் என்று உத்தரவு வந்திருக்கிறது. பக்கத்து வகுப்பில் குழு நாடகம். நான் சுயமதிப்பீட்டை எடுத்துக்கொண்டேன். பிள்ளைகள் ஒரு கருவி செய்து, தங்களுக்குத் தாங்களே மார்க் போட்டு, காரணமும் எழுத வேண்டும். "நீங்க போடுற மார்க்கை நான் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். என் குரல் கடைசி பெஞ்சு வரை போனது இன்றைக்குத்தான்.

அம்மாவிடம் சொன்னால் சிரிக்கிறாள். "அவங்கவங்க மார்க்கை அவங்கவங்களே போட்டுக்கிட்டா உனக்கு எதுக்குடி சம்பளம்?"

பிப்ரவரி 20

வக்கீல் — எதற்கும் வாதாடுவதால் வகுப்பு அவனுக்கு வைத்த பெயர் — கொண்டுவந்த தராசு, மேசையில் வைத்ததுமே சாய்ந்து விழுந்தது. இருபதுக்கு இருபது போட்டுக்கொண்டான். காரணம்: "முயற்சி செய்தேன்."

முணுமுணு — வாய்க்குள்ளேயே பேசுவதால் இதுவும் வகுப்பு வைத்த பெயர்தான் — செய்தது கைப்பம்பு. காலிப் பேனாக் குழாய், சைக்கிள் ட்யூப் துண்டு. வாளித் தண்ணீரை மேசை உயரத்துக்கு ஏற்றியது. வால்வு எப்படித் திறக்கிறது என்று அந்தப் பெண் சொன்னதைக் கேட்க நான் குனிய வேண்டியிருந்தது. எனக்கே அவ்வளவு தெளிவாகச் சொல்ல வராது. அவள் போட்டுக்கொண்டது நாலு.

"ஏம்மா நாலு?"

"ஒழுகுதே டீச்சர்."

ஒரு சொட்டு. கூட்டிப் போடு என்று சொல்ல வாயெடுத்தேன். "தொட மாட்டேன்னு சொன்னீங்க டீச்சர்" என்றான் வக்கீல். வகுப்பு முழுக்க என்னையே பார்த்தது. நாலு என்றே பதிந்தேன்.

மார்ச் 11

இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்று அம்மா கேட்டாள். பசித்தது, போதும் என்றேன். "உன் போதும் எனக்குத் தெரியாதா" என்று போட்டுவிட்டுப் போனாள்.

அந்த நாலும் இப்படி ஒரு போதும்தான் என்று எனக்கு மட்டும் ஏன் தெரியாமல் போனது?

மார்ச் 28

முடிவு வந்துவிட்டது. அறிவியல் பிரிவுக்கு அறுபது வேண்டும். வக்கீலுக்கு அறுபத்தொன்று. முணுமுணுவுக்கு ஐம்பத்தேழு. எழுத்துத் தேர்வில் அவனைவிடப் பன்னிரண்டு கூட வாங்கியவள்.

அந்த நாலை மாற்றலாமா என்று கேட்டதற்குத் தலைமையாசிரியை கோபப்படவில்லை. "ஒருத்திக்கு மாத்தினா நாளைக்கு எல்லாரும் என் வாசல்ல நிப்பாங்க. அவளே போட்ட மார்க்தானேம்மா?" பள்ளியின் சராசரி ஏறியிருக்கிறதாம். மற்றப் பள்ளி ஆசிரியர்களுக்கு இந்த முறையை நான் விளக்க வேண்டுமாம்.

இல்ல மேடம், வாய் இருக்கறவங்களுக்குத்தான் இதுல மார்க் விழுது — தொண்டை வரைக்கும் வந்துச்சு. சரிங்க மேடம்னு சொல்லிட்டு வந்துட்டேன். சரிங்களாம். சீ.

ஏப்ரல் 9

விளக்கினேன். கைதட்டினார்கள். முணுமுணுவைப் பற்றிச் சொல்லவில்லை.

ஜூன் 16

முணுமுணு கணக்குப்பதிவியல் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். இன்று மாடிப்படியில் அவள் இறங்க, நான் ஏற. பிரிவு பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். தலையாட்டினாள். உன் மார்க்கை நான் அன்றைக்கே, என்று ஆரம்பித்தேன், முடிக்க வரவில்லை.

"நான் போட்டதுதானே டீச்சர்" என்றாள். எனக்கு ஆறுதல் சொல்கிறாள்.

வழிவிட்டு, சுவரோடு ஒட்டி இறங்கிப் போனாள். மூன்று பேர் தாராளமாகப் போகக்கூடிய படி அது. கொஞ்சம் ஏறிய பிறகுதான் கவனித்தேன் — நானும் இந்தப் பக்கத்துச் சுவரை உரசிக்கொண்டுதான் போய்க்கொண்டிருந்தேன்.