பொம்மையின் கன்னம்

4.2.1997

என் தங்கைக்கு,

முதலில் நல்ல செய்திகளை எழுதிவிடுகிறேன். மூத்த பேத்தி டாக்டர் பரீட்சையில் தேறிவிட்டாள். இப்போதே அவள் கையெழுத்து யாருக்கும் புரியவில்லை. நடுப்பேரனுக்கு ரயில்வேயில் பாலங்களைச் சோதிக்கும் வேலை. கடைக்குட்டி நீச்சலில் வாங்கிய கோப்பைகளை வைக்க இடமில்லாமல் ரேடியோவைக் கீழே இறக்கிவிட்டேன். அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு இப்படிப் பேரப்பிள்ளைகள்.

நடுப்பேரன் போன வாரம் வேலையாக வந்து உன் வீட்டில் தங்கினானே, உன் கவனிப்பைச் சொல்லி மாளவில்லை. ஆனால் ஒன்று சொன்னான். "சின்னப் பாட்டி வீட்டுல சாப்பிடவே கூச்சமா இருக்கு பாட்டி. நூறு செல்லுலாய்டு பொம்மைங்க வரிசையா இருந்து வேடிக்கை பாக்குதுங்க."

கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. என் தலைப்பிள்ளை, நம் பாப்பா, நாலு வயதில் எதனால் போனாள் என்று உனக்குத் தெரியாதா? அவள் கையில் பற்றி எரிந்த அதே ஜாதிப் பொம்மையை நீ எப்படியடி ஆசையாய்ச் சேர்த்து வைக்கிறாய்?

உன் அக்கா

19.2.1997

அன்புள்ள அக்காவுக்கு,

ஆசையாய்ச் சேர்க்கவில்லை. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு இருக்கின்றன. மற்றவர்கள் முதுகில் இருக்கும் முத்திரையையும் கண்ணின் வண்ணத்தையும் பார்த்து வாங்குவார்கள். நான் எதையும் பார்ப்பதில்லை. பழைய சாமான் கடையிலோ ஏலத்திலோ கண்ணில் பட்டால் எடுத்து வந்துவிடுவேன், இன்னொரு குழந்தை கைக்குப் போகக் கூடாது என்று. அமிலத்தில் ஊறிய பஞ்சும் கற்பூரமும்தான் அதன் உடம்பு. ஒரு பொறி போதும். வயதானால் வியர்க்கும், ஒன்றின் ஆவி பட்டுப் பக்கத்தில் இருப்பதும் கெடும். அதனால் காற்றோட்டமாகத் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறேன். அந்த அறையில் விளக்குத் திரிகூட ஏற்றுவதில்லை.

முதல் சம்பளத்தில் பாப்பாவுக்கு அதை வாங்கித் தந்தவள் நான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தான், "யார் வாங்கிக் குடுத்தது அந்தப் பொம்மைய?" என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். மறுமாதமே மாற்றல் கேட்டு இங்கே வந்துவிட்டேன், அப்புறம் அந்தப் பக்கம் வரவேயில்லை. நாற்பத்திரண்டு வருஷமாக நீ என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அக்கா. திட்டியிருக்கலாம்.

உன் சின்னவள்

3.3.1997

சின்னவளே,

வழக்கம்போல் பேரப்பிள்ளைகள் யாரையும் படிக்கச் சொல்லாமல் உன் கடிதத்தை நானே மூன்று தரம் படித்தேன். இதையும் நானே எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ வாங்கித் தந்த பொம்மையின் மேல் பாப்பா ஒரு நாள் உட்கார்ந்துவிட்டாள். கன்னம் உள்ளே போய்விட்டது. அழுகையோ அழுகை. கெட்டில் ஆவியில் பிடித்தால் சரியாகும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். பிடித்தேன். டப்பென்று வெளியே வந்தது. "அம்மா, கன்னம் வந்துருச்சு" என்று பாப்பா கை தட்டினாள். அதன்பிறகு அந்தச் சத்தத்துக்காகவே அவளாகக் கன்னத்தை அமுக்கிக் கொண்டுவருவாள். நானும் சளைக்காமல் செய்து காட்டினேன்.

அன்றைக்கும் கொண்டுவந்தாள். நான் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கொஞ்சம் இரு, வர்றேன் என்றேன். அவள் அடுப்பு மேடை முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறியிருக்கிறாள். அடுப்பில் கெட்டில் இல்லை. வெறும் தீ.

வராந்தாவில் உன் அத்தான் கேட்டபோது உன்னைப் பார்த்தேனே, கோபமில்லை. என்மேல் கேள்வி விழாமல் இருக்கத்தான் பார்த்தேன். அவர் கண் மூடும்வரை சொல்லவில்லை. இன்றைக்கும் தண்ணீர் கொதித்தால் என் முதுகுக்குப் பின்னால் ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்கும். திரும்பிப் பார்க்காமல் நின்று அடுப்பை அணைப்பேன்.

நூற்றுப் பன்னிரண்டும் நான் சேர்த்திருக்க வேண்டியவை. உன் தலையில் கட்டிவிட்டேன்.

மன்னிக்கச் சொல்லி எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. வராந்தாவில் வெளுத்துப்போன உன் இருபது வயது முகம்தான் என்னிடம் இருக்கிறது. இனிமேலும் அதையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பதில் எழுதப் பிடிக்கவில்லை என்றால் எழுத வேண்டாம். இப்போது எப்படி இருக்கிறாயோ அப்படியே புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு.

அக்கா